அக்காவாகப் போன ஏழு நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சின்ன வயதுப் பயத்தில் வந்து நிற்கிறது. ஒருத்தி சாக்கடைமேல் போட்டிருந்த ஆடுகிற பலகைக்குப் பயந்தேன் என்பாள். ஒருவர் கணக்கு வாத்தியாரின் பெல்ட்டுக்கு என்பார். தாராவியில் வளர்ந்தவர்களுக்குப் பயப்படவா இடமில்லை? என் முறை வரும்போது "மெழுகுப் பொம்மைக்கு" என்று சொல்லி வைப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொள்வேன். அது பாதிப் பொய். மீதியை இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்குப் பத்து வயது. எங்கள் சந்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் நான், அம்மா, அப்பா. மற்றதில் அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அவள் மகளும். அவள் என்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவள். இருந்தாலும் அக்கா அக்காதான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாயில் போடுவாள். பெரியப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அக்காவுக்கு மூன்று வயதாகும்போது போனவர், ஏழு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. கடிதம் வரும். யார் கையிலாவது கொடுத்தனுப்பிய வாசனைச் சோப்பு வரும், பட்டனை அமுக்கினால் விரியும் குடை வரும். ஆள் மட்டும் வர மாட்டார்.

அந்த வருடம் அவரே இரண்டு டிக்கெட் அனுப்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். பெரியம்மாவின் கணக்கு வேறு. "பிள்ளையக் கண்ணால பாத்தாவன்னா நம்ம கூடவே கெளம்பிருவாவ" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருசனைக் கூட்டிவரப் போகிற செய்தி சந்து முழுக்கத் தெரியும். மிட்டாய்க் கடைக்காரர்கூட "பாய்சாப் எப்ப வர்றாங்க?" என்று பெரியப்பாவை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது.

அப்பா வேப்பிலை தேடி மாட்டுங்கா வரை நடந்து போய், ஒரு தெருமரத்தில் ஒடித்து வந்தார். அதை வாசலில் செருகினார்கள். அக்கா வெள்ளைத் துணியில் முகமெல்லாம் கொப்புளமாகப் படுத்திருந்தாள். பெரியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மகளைப் பார்த்து ஒரு தடவை, டிக்கெட் வைத்திருந்த தகரப் பெட்டியைப் பார்த்து ஒரு தடவை. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்று டீயில் பாவ் ரொட்டி தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குப் பதில் நான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"எக்கா, வேண்டாம்க்கா" என்றாள் அம்மா. "அம்மை கண்ட வீட்டுல இருந்து வெளியூருக்குப் படி தாண்டுவாகளா?"

"இப்பம் விட்டா இனிமே அவுக கூப்பிடவே மாட்டாவ. இவளும் எம் பிள்ளதான? நான் இவளுக்கு அம்மா இல்லையா, நீயே சொல்லு."

இல்லை என்று அம்மா எப்படிச் சொல்வாள்? பெரியம்மா என்றாலே பெரிய அம்மாதானே. எனக்கு முதல் சோறு ஊட்டியவளும் அவள்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட்டெல்லாம் எங்கள் பக்கம் எடுக்கவில்லை. அம்மாவின் புத்தகத்திலேயே ஒரு வரியில் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருக்கும், படம்கூட இல்லை. "யாரை ஏமாத்துதோம்? அங்க போய் அவுகட்ட உள்ளதைச் சொல்லிட்டாப் போச்சு" என்று பெரியம்மா முடித்துவிட்டாள். இது குற்றம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் தலை சுற்றுகிறது. நாலு எழுத்துப் படித்திருந்தால் அந்தத் தைரியம் வந்திருக்காது.

இரண்டு நாளும் எனக்குப் பாடம் நடந்தது. உன் பேர் என்ன? அக்காவின் பேர். அப்பா பேர்? பெரியப்பாவின் பேர். பிறந்த தேதி? அதிலே தடுமாறினால் தொடையில் கிள்ளு. திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "ஏட்டி, எங்கப்பா மூக்கு எப்படி இருக்குன்னு நல்லாப் பாத்துட்டு வா. போட்டோவுல சரியாத் தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் மீசைக்கார ஆபீசர். "பேட்டி, நாம் க்யா ஹை?" என்று இந்தியில் பேர் கேட்டார். அக்காவின் பேரைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. முத்திரை டக்கென்று விழுந்தபோது என் பாவாடை நனைந்திருந்தது. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். விமானத்தில் மேகம் பார்த்தாயா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன், கொப்புளம் கிளம்புகிறதா என்று. அம்மை கண்ட வீட்டுப் படியைத் தாண்டி வந்ததற்கு மாரியாத்தா என்னைத்தான் பிடிப்பாள் என்று உறுதியாக நம்பினேன்.

அங்கே இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் பெரியம்மா இருந்தாள். அதற்குள் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு. எனக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு மத்தியில் கேவிக் கேவி அழுதார். அவர் சட்டையில் பவுடர் வாசனையும், அதற்கடியில் இரும்பு பொசுங்கின வாசனையும் அடித்தது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? மூன்று வயதில் பார்த்த முகம். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டு எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் எது யார் என்று எங்களுக்கே சந்தேகம் வரும்.

மறுநாள் காலையில் குளிக்கிற இடத்தில் பெரியம்மா என் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே காதில் சொன்னாள். "இப்பம் சொன்னம்னா, அம்மை கண்ட பிள்ளைய விட்டுட்டா வந்தேன்னு என்னைக் கொன்னே போட்ருவாவ. நான் நேரம் பாத்துச் சொல்லுதேன். நீ வாயத் திறக்காத."

"எப்ப பெரியம்மா?"

"அம்மான்னு கூப்பிடு" என்றாள்.

ஊர் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கூட்டத்துக்கு நான் பயந்தவளில்லை. தாதர் ஸ்டேஷனில் என்னைக் கையில் பிடிக்காமலே கூட்டிப்போவார்கள். ஆனால் அந்த ஊர்க் கூட்டம் ஒருவரை ஒருவர் இடிக்காமல் போனது. கார்கள் ஹாரன் அடிக்கவில்லை. ரோட்டைக் கடக்க வேண்டுமானால் கம்பத்தில் பச்சை மனிதன் எரியும்வரை நூறு பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். எச்சில் துப்பினால் போலீஸ் பிடிக்கும் என்று பெரியப்பா விளையாட்டாகச் சொன்னார். பேர் மாற்றிச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்தேன். தேக்கா என்கிற நம்மவர் கடைத்தெருவில் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோதும் நிம்மதியில்லை. இங்கேயும் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேள்வி கேட்பார்கள்!

பெரியப்பா நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். எங்களுக்காக மற்றவர்கள் ஒரு வாரம் வேறு எங்கோ போய்ப் படுத்தார்கள். முதல் நாள் மத்தியானம் மீன் குழம்பு வைத்து அவரே பரிமாறினார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, சின்னப்பிள்ளையில இடது கையாலல்லா எல்லாம் எடுப்ப?" என்றார்.

அக்கா அன்றும் இன்றும் இடது கைக்காரி.

"அடிச்சு மாத்திட்டேன்" என்றாள் பெரியம்மா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"எதுக்கு அடிக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்று அவர் என் வலது கையை எடுத்து, எதையோ தொலைத்தவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் முள் எடுத்த ஒரு மீன் துண்டை வைத்தார். நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாளும் பெரியம்மாவுக்கு 'நேரம்' வரவில்லை. அப்பாவையும் மகளையும் தனியாக விட்டால் மனசு இளகும் என்று நினைத்தாளோ என்னவோ, தலைவலி என்று படுத்துக்கொண்டு எங்களை மட்டும் அனுப்பினாள். "பொம்மைக் காட்சி இருக்கு, வாம்மா" என்று பெரியப்பா படகில் ஏற்றி ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார். அவரும் அதுவரை உள்ளே போனதில்லை. பட்டறையில் யாரோ, பிள்ளைகளுக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்று சொன்னார்களாம்.

அது இரண்டாம் உலக யுத்தக் காட்சியகம். உள்ளே இருட்டு, பல் கிட்டுகிற ஏசிக் குளிர். எங்கேயோ ஒளித்து வைத்த ஸ்பீக்கரில் குண்டு விழுகிற சத்தம், அபாயச் சங்கு ஊதுகிற சத்தம். ஒரு நீள மேசையைச் சுற்றித் தளபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், எதிரே ஜப்பான்காரர்கள். எல்லாம் மெழுகு. கண்ணில் ஈரம் தெரிந்தது. புறங்கையில் முடி இருந்தது. ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, என் பேரை எழுதப் போகிறவர்போல என் பக்கமே பார்த்தார். கதவோரம் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அவன் நிஜம் என்றே நினைத்து, அவன் கேட்பதற்கு முன்னால் மனதுக்குள் பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் ஒப்பித்துவிட்டேன்.

"ஜல்தி போலாம்ப்பா" என்றேன்.

"இதென்னட்டி பாசை!" என்று அவர் சிரித்தார். "பொம்மைக்கா பயப்படுத? நான் இருக்கம்லா?" என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த அறையில் சுவர் நிறையப் படங்கள். எலும்பு துருத்திய மனிதர்கள் கோவணத்தோடு வரிசையாக நின்றார்கள். பெரியப்பா அங்கே நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். "இதுல நம்ம ஆளுகளும் உண்டும்மா. எங்க பட்டறையில ஒரு வயசாளி இருந்தாரு. பதினாறு வயசுல ஜப்பான்காரவ சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போனாவளாம். திரும்பி வந்து வாசல்ல நிக்காரு, பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலையாம். நீ யாருய்யான்னு கேட்டாளாம்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். படத்தின் கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. வெயில் கண்ணைக் குத்தியது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கியான்னு பட்டறையில கேக்காவ. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். உங்கம்மா ஊருக்கு வாங்க வாங்கன்னு நிக்கா. எனக்குப் பயமா இருக்கும்மா. அங்க வந்து என்னத்தச் செய்வேன்? உனக்கே என்னைத் தெரியல, என் பக்கத்துல நடுங்கிட்டே இருக்க. அந்த வயசாளி மாதிரி நானும் வாசல்ல வந்து நின்னா நீங்க என்ன சொல்லுவீங்க?" காகிதத்தை மடித்தார், பிரித்தார். "பெரியவங்க சொல்லுதது வேண்டாம். நீ சொல்லு. அப்பா வரவா?"

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. இவர் வந்தால் எங்கள் சந்துக்குள் வருவார். வேப்பிலை செருகிய வாசலில் தழும்போடு அக்கா எழுந்து வந்து 'அப்பா' என்பாள். அப்புறம் இவர் திரும்பி என்னைப் பார்ப்பார். பெரியம்மாவை வெட்டிப் போடுவார். மீசைக்கார ஆபீசர் வருவார், போலீஸ் வரும். பத்து வயதுப் புத்திக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

"வர வேண்டாம்ப்பா" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார். பிறகு எழுந்துபோய் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அதை நான் முழுசாகத் தின்றேன். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் தின்றேன்.

மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது விமானத்தில் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "பிள்ளையப் பாத்தும் மனசு இளகலையே. என்ன மனுசன்!" நான் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டேன். வீட்டில், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவள் அம்மாவிடமும் அக்காவிடமும் சாதித்துவிட்டாள். அவள் சொல்லாதது எனக்கு மட்டும் தெரியும். நான் சொன்னது அவளுக்கும் தெரியாது. குழாயடியில் பெரியப்பாவுக்குக் கல்நெஞ்சுக்காரன் என்று பேர் விழுந்தது. எனக்குக் கடைசிவரை ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

இரண்டு வருடம் நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை. அந்தச் சமயத்தில் முதல்முறையாக அக்காவின் பேருக்கே ஒரு கடிதம் வந்தது. பெரியப்பா அனுப்பிய காசில் அக்கா செம்பூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள். தமிழ் மளமளவென்று பேசுவாள், எழுத்து மட்டும் கூட்ட வராது. நான் கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடம். பெரியம்மா கைநாட்டு. அதனால் அந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் நான்தான் வாசிப்பது. அக்கா உறையைக் கிழித்து என்னிடம் நீட்டிவிட்டு, தலை பின்னாமல் அப்படியே எதிரே உட்கார்ந்தாள்.

"வாசிட்டி."

வாசித்தேன். மாப்பிள்ளையை விசாரித்திருந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மூன்றாவது பத்திக்கு வந்தபோது என் கண் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. 'அன்று அந்தப் பொம்மைக் காட்சியகத்து வாசலில் நீ வர வேண்டாம் என்று சொன்னாய். குழந்தை வாய்ச் சொல் என்றாலும் அதில் நியாயம் இருந்தது. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது வாருங்கள் என்று உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. உன் கல்யாணத்துக்கு வந்து நிற்பேன்.'

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயதில்லை, பத்தொன்பது. அறியாப்பிள்ளை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பத்தியைத் தாண்டி, 'இப்படிக்கு அன்புள்ள அப்பா' என்பதை வாசித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வாரேன்னு எழுதலையா?"

"இல்லக்கா."

அவள் காகிதத்தை வாங்கி, தமிழ் எழுத்து தெரியாத அந்தக் கண்ணாலேயே மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துவைத்தாள். கல்யாணத்தில் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தது என் அப்பா. அங்கே அந்த மனிதர் தபாலுக்கு எத்தனை நாள் காத்திருந்தாரோ, தெரியாது. இரண்டு வருடம் கழித்து, அவர் போய்விட்டார் என்று கூட வேலை செய்தவர் எழுதினார். அதையும் நான்தான் வாசித்தேன். அதில் ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

பெரியம்மாவும் போய்விட்டாள். அக்கா செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மான்குர்த்திலிருந்து மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். "எங்கப்பாவுக்கு நான் ஒரு ஆளாட்டி? என் மூஞ்சியப் பாக்கக்கூட வரலையே" என்பாள் சில நேரம், பேரனுக்கு இட்லி பிட்டுக்கொண்டே. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். அந்தக் கடிதம் இன்னும் அவள் பீரோவில் இருக்கிறது. அவள் பேத்தி இப்போது எங்கேயோ தமிழ் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருக்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதையும் பாருங்கள், அவளால் வாசிக்க முடியாத தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் அவளைத் தெரிந்தவர்கள் யாராவது செம்பூருக்குப் போய் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள்.